ஓக் மரத்தடியில் முளைக்கும் காளான்: எது விருந்து, எது விஷம்? கலிபோர்னியாவில் ஒவ்வொரு மழைக்காலமும் ஏன் இந்த எச்சரிக்கை?

நவம்பரில் முதல் நல்ல மழை பெய்து இரண்டு வாரம் ஆனால் போதும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியிருக்கும் மலைகளில் கூடையும் சின்னக் கத்தியுமாக ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். ஓக் மரத்தடியில் சருகை விலக்கிப் பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால், உள்ளங்கையை விடப் பெரிதாகத் தங்க நிறத்தில் 'ஷான்டரெல்' காளான் கிடைக்கும். பெரிய ஹோட்டல்களில் நல்ல விலைக்குப் போகிற சமாச்சாரம் இது.

அதே ஓக் மரத்தடியில், சில நேரம் சில அடி தள்ளி, இன்னொரு காளானும் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், வாசனையும் மோசமில்லை. சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் 'ருசியாத்தான் இருந்துச்சு' என்றே சொல்லியிருக்கிறார்கள். பெயர் 'டெத் கேப்'. உலக அளவில் காளான் விஷத்தால் ஏற்படும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு இனம்தான் காரணம்.

இந்தப் பெயரைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் லியோங்காதாவில் 2023 ஜூலை 29 அன்று எரின் பேட்டர்சன் வைத்த மதிய விருந்தைச் சாப்பிட்ட 3 பேர் இறந்தார்களே, அந்த வழக்கில் பேசப்பட்டது இதே காளான்தான். 2025 ஜூலையில் அவர் குற்றவாளி என ஜூரி தீர்ப்பளித்தது. செப்டம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அது வேண்டுமென்றே செய்த கொலை என்று நீதிமன்றம் முடிவுசெய்த வழக்கு. கலிபோர்னியாவில் வருஷா வருஷம் நடப்பது அப்படி இல்லை. அங்கே குடும்பத்துக்காக ஆசையாகச் சமைத்தவர்களும் சேர்ந்தேதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

2016 டிசம்பரில் மட்டும் வடக்கு கலிபோர்னியாவில் 14 பேர் டெத் கேப் விஷத்தால் பாதிக்கப்பட்டார்கள். 3 பேருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று. உயிர் பிழைத்தாலும் அந்தக் குழந்தைக்கு நரம்பு மண்டலத்தில் நிரந்தரப் பாதிப்பு. வெளியாள் ஒருவர் 'மலையிலிருந்து பறிச்சது' என்று கொடுத்த காளானை நம்பி வாங்கிச் சமைத்த குடும்பம் அது.

அதற்கு முன்பு 2012 நவம்பரில் லூமிஸ் என்ற ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில், தோட்டத்தில் முளைத்த காளானைப் பறித்து பராமரிப்பாளர் சூப் வைத்தார். 4 முதியவர்கள் இறந்தார்கள். அந்தச் சூப்பைக் குடித்த பராமரிப்பாளரும் பாதிக்கப்பட்டார்.

காளான் ஏன் ஓக் மரத்தைத் தேடிப் போகுது?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நாம் காளான் என்று பறிப்பது முழு உயிர் இல்லை. மாமரத்துக்கு மாம்பழம் மாதிரி, அது வெறும் கனி. உண்மையான பூஞ்சை மண்ணுக்குள் மெல்லிய வெள்ளை நூல்களாகப் பரவிக் கிடக்கும். ஷான்டரெல், டெத் கேப் இரண்டுமே தங்கள் நூல்களால் ஓக் மரத்தின் வேர் நுனிகளைச் சுற்றி உறை போட்டுக்கொள்கிறவை. மரம் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுக்கும். பூஞ்சை பதிலுக்கு மண்ணின் ஈரத்தையும் பாஸ்பரஸ், நைட்ரஜன் போன்ற சத்துகளையும் மரத்துக்கு உறிஞ்சிக் கொடுக்கும்.

நம்ம ஊர்ச் சிப்பிக் காளான், பால் காளான் எல்லாம் வைக்கோலை மட்கச் செய்து வாழ்கிறவை. அதனால்தான் ஒரு பிளாஸ்டிக் பையில் வைக்கோலை அடைத்துக் குடிசையில் தொங்கவிட்டு வளர்க்க முடிகிறது. ஷான்டரெல்லை அப்படி வளர்க்க முடியாது. உயிருள்ள மரம் வேண்டும். ஆகவே வேண்டுமென்றால் காட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு மரத்தடியில் கிடைத்தால் அடுத்தடுத்த வருஷங்களிலும் அங்கேயே கிடைக்கும் என்பதால், அனுபவசாலிகள் தங்கள் இடத்தைச் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

விரிகுடாப் பகுதியில் முக்கியமான மரம் 'கோஸ்ட் லைவ் ஓக்'. தமிழில் ஓக் மரத்துக்குக் கருவாலி என்ற பெயர் உண்டு. ஆனால் இமயமலையிலும் வடகிழக்கிலும் இருக்கிற இந்த மரவகை தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளர்வதில்லை. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தங்கக் காளானை எப்படி அடையாளம் பார்க்கிறார்கள்?

கலிபோர்னியா ஓக் காட்டில் கிடைப்பது தனி இனம் என்று 2008-ல்தான் அறிவியல் உலகம் பெயர் வைத்தது. 'காந்தரெல்லஸ் கலிபோர்னிகஸ்'. உலகில் உள்ள ஷான்டரெல்களிலேயே பெரிது இதுதான்; ஒரே காளான் ஒரு கிலோவைத் தாண்டுவதும் உண்டு. வளர்வது மெதுவாகத்தான், வாரக்கணக்கில் சருகுக்கு அடியிலேயே கிடக்கும். சேறு அப்பி, பாதி புதைந்து, மண் மேட்டில் லேசாக ஒரு வீக்கம் தெரியும். அவ்வளவுதான் அடையாளம்.

நிறத்தை மட்டும் பார்த்துப் பறிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'ஜாக் ஓ லான்டர்ன்' என்று இன்னொரு காளான் அதே ஆரஞ்சு-மஞ்சள் சாயலில் முளைக்கும். உயிரைப் பறிக்காது, ஆனால் ஒரு ராத்திரி முழுக்க வாந்தி எடுக்க வைத்துவிடும். வித்தியாசம் குடைக்கு அடியில் இருக்கிறது. ஷான்டரெல்லைத் திருப்பிப் பார்த்தால் தனித்தனி ஏடுகள் இருக்காது. மெழுகு உருகி வழிந்த மாதிரி மழுங்கலான மடிப்புகள், கிளை பிரிந்து தண்டு வரை இறங்கும். நகத்தால் உரித்தால் தனியாக வராது. ஜாக் ஓ லான்டர்னில் கத்தி முனை போல மெல்லிய, உண்மையான ஏடுகள் இருக்கும்.

அடுத்து, பிய்த்துப் பார்க்க வேண்டும். ஷான்டரெல் உள்ளே வெளுப்பாக இருக்கும், வெந்த கோழிக்கறி மாதிரி நார் நாராகப் பிரியும். மற்றது உள்ளேயும் ஆரஞ்சும் பச்சையும் கலந்த நிறம். மூன்றாவது, முளைக்கும் இடம். ஷான்டரெல் மண்ணிலிருந்து ஒன்றிரண்டாக வரும். ஜாக் ஓ லான்டர்ன் மட்கிய கட்டையில் கொத்தாக வரும். ஆனால் கட்டை மண்ணுக்குள் புதைந்திருந்தால் அதுவும் மண்ணிலிருந்து வருவது போலத்தான் தெரியும், அதனால் இந்த மூன்றாவது அடையாளத்தை மட்டும் நம்பினால் காரியம் கெட்டுவிடும். கூடுதலாக ஒரு தகவல்: புத்தம் புதிய ஜாக் ஓ லான்டர்ன் இருட்டில் மங்கலாக ஒளிரும்!

ஷான்டரெல் கிடைத்தவர்கள் பிளாஸ்டிக் கவரில் போட மாட்டார்கள், அழுகிவிடும். கூடை அல்லது காகிதப் பைதான். வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, எண்ணெய் விடாமல் கடாயில் போட்டு, அதன் தண்ணீர் சுண்டிய பிறகுதான் வெண்ணெயோ எண்ணெயோ சேர்ப்பார்கள். பச்சையாகச் சாப்பிடுவதில்லை.

வெந்தய வாசனை வரும் காளான்

ஓக் காட்டின் இன்னொரு பரிசு 'கேண்டி கேப்'. சின்னது, செம்பழுப்பு நிறம், பறிக்கும்போது பெரிதாக வாசனை தெரியாது. காய வைத்தால் வீடே இனிப்பாக மணக்கும். அமெரிக்கர்கள் இதை மேப்பிள் சிரப் வாசனை என்பார்கள், ஐஸ்கிரீமிலும் பிஸ்கெட்டிலும் போடுவார்கள். அந்த மணத்துக்குக் காரணம் 'சோட்டலான்' என்ற வேதிப்பொருள். நம்ம வெந்தயத்தின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். அதனால் ஒரு தமிழ் வீட்டில் கேண்டி கேப்பைக் காய வைத்தால் 'யார் வெந்தயம் வறுக்கிறது?' என்ற கேள்வி வந்தாலும் வரும்.

ஆனால் பழுப்பு நிறத்தில் சின்னதாக இருக்கும் காளான்களில் 'கலெரினா' என்று ஒன்று உண்டு. டெத் கேப்பில் இருக்கும் அதே விஷம் அதிலும் உண்டு. கேண்டி கேப்பின் தண்டு சாக்பீஸ் மாதிரி 'டப்'பென உடையும். உடைத்த இடத்தில் மோர்த் தண்ணீர் போல நீர்த்த பால் கசியும். கலெரினா அப்படி உடையாது, பாலும் வராது, மட்கிய மரத்தில் முளைக்கும். கூடையில் உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாக உடைத்துப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். நூறில் ஒன்று தப்பாக இருந்தாலும் தப்புதான்.

டெத் கேப்: ஐரோப்பாவிலிருந்து வந்த விருந்தாளி

'அமனிட்டா ஃபல்லாய்டஸ்' என்பது இதன் அறிவியல் பெயர். சொந்த ஊர் ஐரோப்பா. அங்கிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களின் வேரோடு ஒட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வந்தது என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. கலிபோர்னியாவில் இதற்கான பழைய உறுதியான பதிவு 1938-ல் மான்டரேயின் டெல் மான்டே ஹோட்டல் வளாகத்தில் எடுக்கப்பட்டது. வந்த இடத்தில் அலங்கார மரத்தோடு நிற்கவில்லை. உள்ளூர் கோஸ்ட் லைவ் ஓக்குக்குத் தாவி, இப்போது காடு, பூங்கா, வீட்டு முற்றம் என எங்கும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். கான்பெராவில் தெருவோரம் நட்ட ஓக் மரங்களின் அடியில் முளைக்கிறது. 2012 புத்தாண்டை ஒட்டி அங்கே இதைச் சாப்பிட்ட இருவர் இறந்தார்கள்.

பார்க்க எப்படி இருக்கும்? குடை 5 முதல் 15 செ.மீ. வரை. வெளிர் பச்சை, ஆலிவ் மஞ்சள், சில நேரம் சுத்த வெள்ளை. அடியில் வெள்ளை ஏடுகள். தண்டின் மேற்பகுதியில் பாவாடை போல ஒரு வெள்ளை வளையம். அடித்தண்டில் முட்டை ஓடு உடைந்த மாதிரி ஒரு பை.

இந்தப் பைதான் முக்கியம், அது பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும். தண்டை மண் மட்டத்தில் அறுத்து எடுத்தால் அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும். வளையமும் மழையில் உதிர்ந்துவிடலாம். கையில் இருப்பது சாதாரண வெள்ளைக் காளான் மாதிரியே தெரியும். எனவே அடையாளம் தெரியாத எதையும் கத்தியால் சுற்றித் தோண்டி, வேர் மண்ணோடு முழுசாக எடுக்கச் சொல்கிறார்கள். இளசாக இருக்கும்போது டெத் கேப் முழுக்கவே ஒரு வெள்ளை முட்டை. 'பஃப்பால்' என்ற உண்ணக்கூடிய உருண்டைக் காளானோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நெடுக்காக இரண்டாக வெட்டினால் தெரியும்: பஃப்பால் உள்ளே பன்னீர்க் கட்டி மாதிரி ஒரே வெள்ளை, டெத் கேப்பில் குட்டிக் குடை ஒன்று மடங்கி இருப்பது கோடாகத் தெரியும்.

'எங்க ஊர்ல இதைச் சாப்பிடுவோமே!'

இங்கேதான் புலம்பெயர்ந்தவர்களுக்கான ஆபத்து. டெத் கேப் பார்ப்பதற்கு ஆசியாவின் வைக்கோல் காளான் போலவே இருக்கும். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நெல் விளையும் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட காளான் அது. அதற்கும் அடியில் பை உண்டு, இளசில் அதுவும் முட்டைதான். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் டெத் கேப் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்ட ஆசியக் குடும்பங்கள் சிலவற்றில் நடந்தது இந்தக் குழப்பம்தான். அவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த விவரம் வேறு ஒரு மண்ணுக்கானது.

தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். விரிகுடாப் பகுதியில் தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள். ஊரில் மழை முடிந்ததும் புற்றுக் காளான் பறித்துச் சாப்பிட்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் ஓக் காடு கிடையாது என்று மேலே பார்த்தோமே, அந்த வேரோடு வாழும் இந்த விஷக் காளானைப் பற்றிய எச்சரிக்கை பாட்டி சொன்ன பாடத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. வைக்கோலிலும் மட்கிய குப்பையிலும் வருவதுதான் வைக்கோல் காளான். ஓக் மரத்து வேரில் அது முளைக்காது. தண்டில் வளையமும் அதற்குக் கிடையாது.

உறுதிசெய்ய ஒரு வழி 'வித்துத் தூள்' சோதனை. குடையை மட்டும் அறுத்து, ஏடுகள் கீழே இருக்கும்படி காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் காகிதத்தில் தூள் படிந்திருக்கும். வைக்கோல் காளான் என்றால் இளஞ்சிவப்பு, டெத் கேப் என்றால் வெள்ளை. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைத் தூள் தெரியாது என்பதால் பாதி கறுப்பு, பாதி வெள்ளைக் காகிதம் வைப்பது நல்லது. முட்டைப் பருவத்தில் பறித்தது தூளே உதிர்க்காது. அப்போது இந்தச் சோதனையால் எந்தப் பயனும் இல்லை.

வெள்ளிக் காசு, பூண்டு, மொபைல் ஆப்... எதை நம்பலாம்?

காளானோடு வெள்ளிக் காசு போட்டு வேகவைத்தால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், அரிசி சிவக்கும் என்றெல்லாம் உலகம் முழுக்கக் கதைகள் உண்டு. டெத் கேப் விஷத்தில் இவை எதுவும் வேலை செய்யாது. 'பூச்சி தின்னிருக்கு, அப்போ நல்லதுதான்' என்பதும் தப்பு. இந்த விஷத்தைத் தாங்கி, அந்தக் காளானிலேயே புழு வளர்க்கும் ஈக்கள் இருக்கின்றன. பளிச்சென்று இருப்பதுதான் விஷம் என்பதும் உண்மை இல்லை. ஷான்டரெல்தான் பளிச்சென்று இருக்கிறது, கொல்கிறது வெளிறிய நிறத்தில் இருக்கிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் காய வைத்தாலும் ஃபிரீஸரில் வைத்தாலும் விஷம் குறையாது. ஒரே நல்ல செய்தி, கையில் தொட்டால் ஒன்றும் ஆகாது.

மொபைல் ஆப்? படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் ஆப்கள் பழகுவதற்கு நல்லது. ஆனால் ஃபோன் கேமராவுக்கு மண்ணுக்குள் இருக்கும் பை தெரியாது, வாசனை தெரியாது, தூளின் நிறம் தெரியாது. குழம்பு வைக்கலாமா என்பதை அதனிடம் கேட்கக் கூடாது. அதற்குப் பதில் சான் பிரான்சிஸ்கோ காளானியல் சங்கம் போன்ற அமைப்புகளில், பல வருஷம் பறித்தவர்களோடு காட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்வதுதான் வழக்கம். ஒரு சீசனுக்கு ஒரு இனம் என்று கற்றுக்கொண்டாலே நிறைய.

காளான் பார்க்கிற கவனத்தில் மறந்துவிடக் கூடாத இன்னொன்று 'பாய்சன் ஓக்'. பெயரில்தான் ஓக், உண்மையில் இது முந்திரி, மா குடும்பத்துச் செடி, நம்ம சேராங்கொட்டைக்குச் சொந்தம். தொட்டால் அதே மாதிரி கொப்புளம், அரிப்பு. மூன்று மூன்று இலையாக இருக்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் அரிக்கும். காளான் சீசனும் அதே குளிர்காலம்தான்!

எங்கே பறிக்கலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. ஈஸ்ட் பே மாவட்டப் பூங்காக்களில் காளான் பறிப்பதே தடை. சோனோமா கடற்கரையில் உள்ள சால்ட் பாயின்ட் மாநிலப் பூங்காவில் ஒருவர் ஒரு நாளுக்கு 5 பவுண்டு வரை எடுக்கலாம். இடத்துக்கு இடம் மாறும் என்பதால் போவதற்கு முன் அந்தந்தப் பூங்காவின் இணையதளத்தைப் பார்ப்பது நல்லது.

உடம்புக்குள் என்ன நடக்குது?

டெத் கேப்பின் முக்கிய விஷம் 'ஆல்பா அமனிட்டின்'. நம் செல்கள் புரதம் செய்யத் தேவையான கட்டளையை மரபணுவிலிருந்து நகலெடுக்க ஒரு நொதி உண்டு. இந்த விஷம் அந்த நொதியையே முடக்கிவிடும். கட்டளை வராத செல் சாகும். அதிகம் அடி வாங்குவது கல்லீரல். கல்லீரல் விஷத்தைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும், குடல் அதைத் திரும்ப உறிஞ்சி கல்லீரலுக்கே அனுப்பும். இப்படி அதே விஷம் சுற்றிச் சுற்றி வந்து அடிக்கும். நடுத்தர அளவுக் காளான் ஒன்றே ஒரு பெரியவரைக் கொல்லப் போதும்.

சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. 6 மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். ஒரு நாள் கழித்து அது நின்றுவிடும். 'சரியாயிடுச்சு, ஏதோ ஃபுட் பாய்சன்' என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மோசமான கட்டம் இதுதான். வெளியே அமைதியாக இருக்கும்போது உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, நான்காவது நாளில் மஞ்சள் காமாலை, ரத்தக் கசிவு, மயக்கம் என்று வெளியே தெரியும்போது மாற்று அறுவை சிகிச்சையைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம்.

சிகிச்சையின் அடிப்படை, நரம்பு வழியாகத் தாராளமாகத் திரவம் ஏற்றுவது. அதோடு விஷம் மறுபடி குடலில் உறிஞ்சப்படாமல் இருக்க மருத்துவக் கரித்தூள் கொடுப்பார்கள். மில்க் திஸில் என்ற முட்செடியிலிருந்து எடுக்கும் 'சிலிபினின்' ஊசியும் உண்டு. 2007 புத்தாண்டு நாளில் சாண்டா குரூஸ் அருகே பறித்த காளானைச் சாப்பிட்டு ஒரே குடும்பத்தில் 6 பேர் பாதிக்கப்பட்டபோது, அந்த மருந்து ஐரோப்பாவிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்டது. 5 பேர் பிழைத்தார்கள். வயதான பாட்டி இறந்துவிட்டார். 2023-ல் சீன ஆய்வாளர்கள் 'இண்டோசயனின் கிரீன்' என்ற மருத்துவச் சாயம் இந்த விஷத்தைத் தடுக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தச் சோதனை நடந்தது எலிகளில்.

யாராவது அடையாளம் தெரியாத காளானைச் சாப்பிட்டிருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் இருப்பவர்கள் விஷ முறிவு மையத்தின் 1-800-222-1222 என்ற இலவச எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்று குறித்து வையுங்கள். 6 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிய வாந்தி என்றாலே டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். மீதிக் காளான், சமைத்த மிச்சம், குப்பைக் கூடையில் போட்ட தண்டின் அடிப்பகுதி எதுவாக இருந்தாலும் காகிதப் பையில் போட்டுக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்றவர்கள் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் அவர்களையும் கூடவே அழைத்துப் போக வேண்டும்.